நாற்பத்து நான்கு மதிப்பெண்

மார்ச் 5, புதன். காலை 6.40. மூன்றாம் தொட்டி, 390 லிட்டர்.

முதல் அளவு: 1.011.

கம்பெனிப் பதிவேடு லேப் மேசையில் தனியாக இருக்கிறது. அதில் எண்கள் மட்டும்தான். இது என் சொந்த நோட்டு. இந்தப் பீர் நான் போட்ட கணக்கு, நான் எழுதிய செய்முறை. பெல்ஜிய ஈஸ்ட், அமெரிக்க ஹாப்ஸ் பூ. இந்தியா பேல் ஏல் என்று பெயரில் இந்தியாவை வைத்துக்கொண்டு இந்தியாவில் ஒழுங்காக யாரும் காய்ச்சாத சரக்கு. 24ஆம் தேதி பெங்களூரில் பீர் போட்டி. முதலாளி ரெமி தனராசு, மகள் பிரசவத்துக்குப் பிரான்ஸ் போயிருக்கிறார். போகும்போது, "நிரஞ்சன், நீதான் இங்க எல்லாம். போட்டில பேரு வந்துச்சுன்னா அடுத்த வருசம் பெரிய தொட்டி, நீ தலைமை" என்று சொல்லிவிட்டுப் போனார். நெய்வேலியில் என் வகுப்பில் படித்தவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குத் தொட்டி கிடைத்திருக்கிறது.

விதி ஒன்றுதான். பீரின் அடர்த்தி மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண்ணில் நிற்க வேண்டும். நின்றால் ஈஸ்ட் தின்ன வேண்டிய சர்க்கரையைத் தின்று முடித்துவிட்டது என்று பொருள். அதன் பிறகுதான் பாட்டில்.

மார்ச் 6, வியாழன். காலை 6.45.

இரண்டாம் அளவு: 1.010. நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரு புள்ளி வித்தியாசம். குழாயில் பீர்ப் பரப்பின் வளைவை மேலே பார்க்கிறோமா கீழே பார்க்கிறோமா என்பதிலேயே ஒரு புள்ளி போய்விடும். இரண்டும் ஒன்றுதான்.

கழுவும்போது, அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் கை நழுவி, சிங்க் விளிம்பில் பட்டுத் தரையில் சிதறியது. இருந்தது அது ஒன்றுதான். ஆர்டர் போட்டேன், 13ஆம் தேதி வருமாம். ஒரு கண்ணாடிக் குழாய்க்கு ஒரு வாரம். என்ன நாடு இது.

பாட்டில் பகுதி பவழக்கொடி அக்கா துடைப்பத்தோடு வந்தார். "ஒதுங்குங்க சார், கால்ல ஏறிடப் போவுது." நான் நகர்வதற்குள் பெருக்கி முடித்துவிட்டார்.

மார்ச் 7, வெள்ளி.

மூன்றாம் அளவு: 1.010. பதிவேட்டில் ஏற்றியாகிவிட்டது. நாளை பாட்டில்.

மார்ச் 8, சனி. மாலை 5.15. 1,128 பாட்டில்.

காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒரே மூச்சில் முடித்தோம். 47 கிரேட். பாட்டிலுக்குள் வாயு உண்டாக, அடைக்கும் முன் கொஞ்சம் சர்க்கரை சேர்ப்போம். மிச்ச ஈஸ்ட் அதைத் தின்று நுரையைத் தரும். 380 லிட்டருக்கு 2.280 கிலோ. பவழக்கொடி அக்கா எடை போட்டார். தட்டை இறக்கி, பூச்சியம் வைத்து, மறுபடி போட்டார்.

"எதுக்கு ரெண்டு தடவ? நேரம் ஆவுது."

"நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க. ஒரு தடவ போட்டா அது எடை, ரெண்டு தடவ போட்டாத்தான் கணக்குன்னு."

சொன்னேன்தான். சேர்ந்த புதிதில்.

கடைசியில் தொட்டி அடியில் அரை லிட்டர் மிஞ்சியது. அதை ஒரு பழைய சோடா பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து மூடினார். "இது எதுக்கு?" என்றேன். "அமுக்கிப் பாக்கத்தான். கண்ணாடிய அமுக்கிப் பாக்க முடியுமா?" குழந்தை விளையாட்டு.

எல்லாவற்றையும் 25 டிகிரி அறையில் அடுக்கியாயிற்று. பாய்லர் பார்க்கும் அஞ்சாப்புலி அண்ணன், "ஊரே வேவுது, இதுங்களுக்கு ஏசி. அதுக்குப் பேரு சூட்டு ரூமாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

மார்ச் 10, திங்கள்.

ருசிக் குழுவுக்குப் பயிற்சி. மூன்று கண்ணாடிக் குவளை வைப்பேன். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். பத்துச் சுற்று.

அஞ்சாப்புலி அண்ணன் 3. மூன்றையும் காலி செய்துவிட்டு, "எல்லாமே நல்லாத்தான் இருக்குது. இதுல எதுக்கு சண்ட மூட்டி வுடுறீங்க?" என்கிறார்.

நான் 6. மூக்கடைப்பு.

பவழக்கொடி அக்கா 9. அவர் ஒரு சொட்டும் விழுங்குவதில்லை. மோந்து, வாயில் ஒரு சுற்று சுற்றி, வாளியில் துப்பிவிடுவார். பன்னிரண்டாம் வகுப்பு ஃபெயில். இந்த வேலைக்கு வருமுன் பத்து வருடம் மாவு அரைத்து விற்றிருக்கிறார். குருட்டுப் போக்கு என்று சொல்ல முடியாது, பத்துக்கு ஒன்பது குருட்டுப் போக்கில் வராது. ஆனால் மூக்கு என்பது கருவி மட்டும்தான். கருவி காட்டுவதைப் படிக்கப் படிப்பு வேண்டும்.

மார்ச் 12, புதன். காலை 10.00. முதல் பாட்டில்.

தோற்றம்: பித்தளை நிறம், லேசான மங்கல். நுரை வெள்ளை, சீக்கிரம் அமுங்குகிறது.
மணம்: நாரத்தைத் தோல், பழுத்த கொய்யா. அதன் அடியில் கிராம்பு. ஈஸ்டும் ஹாப்ஸும் ஒன்றையொன்று மிதிக்கவில்லை.
சுவை: கசப்பு நேர்மையாக இருக்கிறது. கடைசியில் ஓர் இனிப்பு நாக்கில் உட்கார்ந்துகொள்கிறது. கொஞ்சம் கனம்.
மதிப்பெண் ஐம்பதுக்கு 33. போதாது.

மார்ச் 13, வியாழன்.

ஹைட்ரோமீட்டர் வந்தது. பெட்டியோடு அலமாரியில் வைத்துவிட்டேன். பாட்டிலில் அடைத்த பிறகு அளந்து என்ன ஆகப்போகிறது?

மார்ச் 14, வெள்ளி. காலை 10.10. இரண்டாம் பாட்டில்.

38. ஐந்து மதிப்பெண் ஏறியிருக்கிறது. அந்தக் கடைசி இனிப்பு குறைந்து, மிளகுக் காரம் மேலே வந்திருக்கிறது. நுரை நிற்கிறது.

பவழக்கொடி அக்கா துப்பிவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"சார், அன்னிக்குக் கடேசியா ஒரு இனிப்பு இருந்துச்சு இல்ல?"

"ஆமா. இப்ப இல்ல. நல்லதுதான்."

"நல்லதுதான். ஆனா அது எங்க போச்சு? யாரோ உள்ள உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கான். மாவு புளிச்சு நின்னுட்டா வாசன ஒரு மாதிரி அடங்கும் சார். இது அடங்கல, இன்னும் பொங்கு..."

"அக்கா, இது இட்லி மாவு இல்ல."

"முழுசா சொல்ல வுடுங்க சார்."

"தாள்ல எழுதுங்க. மணம், சுவை, நுரை. அதுல இல்லாதத எழுதாதீங்க."

அவர் தாளில் எழுதினார்: 'நிற்கவில்லை'. எந்தக் கட்டத்திலும் சேராத சொல். கணக்கில் சேர்க்கவில்லை.

மார்ச் 17, திங்கள்.

மூன்றாம் பாட்டில். திறந்ததும் நுரை கழுத்தைத் தாண்டி மேசையில் வழிந்தது. துடைத்தேன். பெல்ஜிய வகைக்கு வாயு தூக்கலாகத்தான் இருக்க வேண்டும், புத்தகத்திலேயே இருக்கிறது. 42.

போட்டிக்கு ஆறு பாட்டில் பெங்களூருக்குக் கூரியரில் போய்விட்டது. முதலாளிக்கு மதிப்பெண்ணை அனுப்பினேன். "பிராவோ தம்பி" என்று பதில்.

மார்ச் 18, செவ்வாய்.

பவழக்கொடி அக்கா அந்தச் சோடா பாட்டிலை லேபுக்கே கொண்டுவந்து மேசையில் வைத்தார். சாய்ந்து உருண்டது. நிமிர்த்தினார். மறுபடி உருண்டது. அடிப்பாகம் பந்து மாதிரி வெளியே தள்ளியிருந்தது.

"நிக்க மாட்டேங்குது பாருங்க. அமுக்கினா கல்லு."

"பிளாஸ்டிக் வெயில்ல அப்படித்தான் ஆகும்."

"வெயில்ல எங்க இருந்துச்சு? உள்ளதான்..."

லேபிள் அச்சகத்துக்காரர் அப்போது போனில் இருந்தார். நான் பாட்டிலை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

மார்ச் 19, புதன். காலை 9.30. நான்காம் பாட்டில்.

முழுதாக எழுதுகிறேன். இந்தப் பக்கத்தைப் பிறகு நான் தேடி எடுப்பேன்.

நுரை ஊற்றும்போதே கண்ணாடியில் முக்கால் பங்கு. பஞ்சு மாதிரி திரண்டு, இறங்க இறங்கக் கண்ணாடி ஓரத்தில் வளையம் வளையமாக ஒட்டிக்கொள்கிறது. மணத்தில் நாரத்தை முதலில், பிறகு வெள்ளை மிளகு, பிறகு கிராம்பு. மூன்றும் வரிசையில் நின்று உள்ளே வருகின்றன. வாயில் வைத்தால் இனிப்பே இல்லை. எலும்பு மாதிரி உலர்ந்திருக்கிறது. வாயு நாக்கைக் குத்துகிறது. விழுங்கிய பிறகு கசப்பு மட்டும் தனியாக நின்று, அரை நிமிடம் கழித்துத்தான் விடுகிறது. குறை தேடினேன். கிடைக்கவில்லை.

44.

நான் இதுவரை எந்தப் பீருக்கும் நாற்பத்து நான்கு போட்டதில்லை, கடையில் வாங்கிய பெல்ஜியத்துப் பாட்டிலுக்குக்கூட. நாளுக்கு நாள் ஏறியிருக்கிறது: 33, 38, 42, 44.

லேபிள் வந்துவிட்டது. இன்றைக்கே ஒட்ட வேண்டும். கிரேடுகளை வெளியே எடுக்கச் சொன்னேன். பவழக்கொடி அக்கா கதவருகில் நின்றார்.

"உள்ள டிக்கு டிக்குனு ஒரு சத்தம் கேக்குது சார். ஏசிய இறக்கி ஒரு நாள் குளுர வுட்டு எடுத்தா..."

"ஏசி சத்தம்தான் அது. பாட்டில் கடிக்காது, போங்க."

"முழுசா சொல்ல..."

"அக்கா, லேபிள். பேச்சு அப்புறம்."

மார்ச் 19. மாலை.

11.05க்கு வெடித்தது. முதலில் ஒன்று. அது பக்கத்தில் இருந்ததை அடிக்க, அது அடுத்ததை. நான் லேபிலிருந்து ஓடும்போது இன்னும் வெடித்துக்கொண்டுதான் இருந்தது. மொத்தம் 31. அஞ்சாப்புலி அண்ணன் கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போய் பவழக்கொடி அக்காவைத் தூக்கிவந்தார்.

இடது கண். கையிலும் கழுத்திலும் வெட்டு.

அந்த அறை முழுக்க நாரத்தை வாசனை.

மார்ச் 20, வியாழன். காலை 7.00.

ஹெல்மெட், ரெயின்கோட், வெல்டிங் கையுறை. ராத்திரியே ஒரு பாட்டிலை எடுத்து ஐஸில் நாலு மணி நேரம் வைத்துத் திறந்தேன். வாயுவை ஆற்றிவிட்டு, புது ஹைட்ரோமீட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்தேன்.

1.003.

மார்ச் 20. பகல்.

கணக்கு எளிது. காய்ச்சி முடித்த பிறகு போட்ட ஹாப்ஸ் பூவிலேயே ஒரு நொதி இருக்கிறது. ஈஸ்ட் தின்னாமல் விட்டதை அது உடைத்துக் கொடுக்கும், ஈஸ்ட் மறுபடி தின்னும். மெதுவாக, ஓரிரு நாளுக்கு ஒரு புள்ளியாக. அதற்காகத்தான் மூன்று நாள் விதி. பரீட்சையில் இதை நான் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஏழு புள்ளி இறங்கியிருக்கிறது. பீரின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு வாயு தாங்கும் பாட்டில். உள்ளே ஆறு மடங்கு.

இனிப்பு எங்கே போனது என்று அவர் கேட்டது ஐந்து மதிப்பெண் ஏறிய அன்று.

நான்கு மணிக்கு முதலாளி போன் செய்தார்.

"நிரஞ்சன், சர்க்கரைய யாரு எட போட்டது?"

"பவழக்கொடி."

"நீ கூட நின்னியா?"

"நின்னேன். ஆனா தட்ட..."

"அப்ப அதுதான் தம்பி. அளவு கூடிப் போச்சு, வேற ஒண்ணுமில்ல. உன் பதிவேடு சுத்தமா இருக்குது, மூணு நாளும் எழுதிருக்குது, போட்டோ அனுப்பினியே பாத்தேன். நீ ஒரு அறிக்க எழுதி கையெழுத்துப் போடு. தொழிலாளி கவனக்குறைவுன்னு. இல்லன்னா மொத்தமும் கம்பெனி தலையில வரும். பாவம், ஆஸ்பத்திரிக்கு ஒரு வாரத்துக்குப் பாத்துக்கலாம். பெங்களூருக்கு வாயத் தொறக்காத. போட்டிலேர்ந்து தூக்கிடுவானுங்க."

அவர் கேட்டது சர்க்கரையை யார் எடை போட்டது என்று. நான் சொன்னது உண்மை.

மார்ச் 21, வெள்ளி. காலை 11.00.

அறிக்கை வரைவு எழுதினேன். 'அடைக்கும் முன் சேர்த்த சர்க்கரையின் அளவு அனுமதிக்கப்பட்டதைவிடக் கூடியிருக்கக்கூடும்.' 'கூடியிருக்கக்கூடும்' பொய்யாகாது. மூன்று தடவை படித்தேன். கையெழுத்து மட்டும் பாக்கி.

மார்ச் 21. மாலை 4.30.

கண் ஆஸ்பத்திரி. வெளியே பெஞ்சில் பவழக்கொடி அக்காவின் வீட்டுக்காரர் கொளஞ்சி உட்கார்ந்திருந்தார். கொத்தனார், வேலைக்குப் போன சட்டையோடு வந்திருக்கிறார். எழுந்து நின்றார். நான் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பாட்டிலு மட்டமா சார்?"

"விசாரிச்சுக்கிட்டு இருக்கோம்."

"ஆபீஸ்லேர்ந்து ஒருத்தரு போன் பண்ணாரு. இது சர்க்கர ஜாஸ்தி போட்டதாமே? அவ வூட்டுலயே டீக்கு அளந்துதான் சார் போடுவா. எனக்கு அரை ஸ்பூன் கூடக் கேட்டா சண்ட வரும்." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

உள்ளே அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. நல்ல கண்ணும் அசையக் கூடாதாம். இடது கண்ணில் இன்னொரு ஆபரேஷன் பாக்கி. பார்வை வராது என்றுதான் டாக்டர் கொளஞ்சியிடம் சொல்லியிருக்கிறார். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

நான் கட்டிலருகே போய் நின்றேன். அவராகவே முகத்தைத் திருப்பினார்.

"வந்துட்டீங்களா? அந்தச் சோப்பு வாசன வருது."

"எப்படி இருக்குக்கா?"

"இருக்கேன். ரெண்டு கிலோ இருநூத்தி எம்பது. ரெண்டு தடவ போட்டேன்."

"தெரியும்."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும் தம்பி." என்னை அவர் தம்பி என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. "அன்னிக்கு ஒடஞ்ச கண்ணாடிய நாந்தான பெருக்கினேன். மறுநா காலைல பதிவேட்டு மேசையத் தொடைக்கறப்ப எண்ணு எழுதியிருந்துச்சு. புதுசு ஒண்ணு வந்துருக்கும் போலன்னு நெனச்சேன். ஒரு வாரம் கழிச்சுப் பார்சல் வந்துச்சு. பிரிக்காம அலமாரில வெச்சீங்க. அப்பத்தான் எனக்கு..."

"அக்கா, நான் வந்து..."

அவர் நிறுத்திக்கொண்டார். அவ்வளவுதான். நர்ஸ் வந்து நேரம் முடிந்தது என்றாள்.

வெளியே கொளஞ்சி எனக்கு டீ வாங்கி வைத்திருந்தார். குடித்தேன். சர்க்கரை அளவாக இருந்தது.

மார்ச் 22, சனி. காலை 5.50. அறையில் 1,086 பாட்டில். பெங்களூரில் 6.

7ஆம் தேதி மூன்றாம் அளவு எடுக்கப்படவில்லை. ஹைட்ரோமீட்டர் முந்தின நாளே உடைந்துவிட்டது, அதை விட்டால் அளக்க இங்கே வேறு கருவி கிடையாது. முந்தைய எண்ணைப் பார்த்து எழுதினேன். இந்த நோட்டிலும் அப்படியே எழுதினேன். யாரும் படிக்காத நோட்டில் எதற்குப் பொய் எழுதினேன் என்று தெரியவில்லை. 13ஆம் தேதி பெட்டியைப் பிரிக்காததற்குக் காரணம் சோம்பல் இல்லை. எண் என்ன வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

பெங்களூர் ஆறு பாட்டிலும் ஏதோ ஓர் அறையில், யாரோ ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் மூன்று நாளாக இருக்கின்றன. இரண்டு நாளாக நான் வாயைத் திறக்கவில்லை.

இனி செய்ய வேண்டியவை:

1. இப்போதே, விடியக் காத்திராமல், பெங்களூருக்குப் போன். ஆறு பாட்டிலையும் யாரும் வெறுங்கையால் தொடக் கூடாது. அறையைக் குளிரவைத்துப் பூட்ட வேண்டும். போட்டியிலிருந்து விலகல்.

2. நம் அறையில் ஏசியை அடிமட்டத்துக்கு இறக்குவது. இரண்டு நாள் குளிர்ந்த பிறகு 1,086 மூடியையும் நான் ஒருவனே திறப்பது. அஞ்சாப்புலி அண்ணன் உதவிக்கு வருவார். உள்ளே விடக் கூடாது.

3. பதிவேடு பக்கம் 41. 7ஆம் தேதி எண்ணின் மேல் ஒற்றைக் கோடு, அடியில் உள்ளது படிக்கிற மாதிரி. பக்கத்தில் 'அளக்கப்படவில்லை'. இன்றைய தேதி, என் கையெழுத்து.

4. அறிக்கை வரைவைக் கிழிப்பது. புதிதாக ஒரே பக்கம். 1.003 முதல் வரியில். கடைசி வரி: சர்க்கரை 2.280 கிலோ, இரண்டு முறை எடை போடப்பட்டது, சரி.

5. முதலாளிக்கு அனுப்பும் முன் ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி. அக்காவால் படிக்க முடியாது. நான் வாசித்துக் காட்ட வேண்டும். கொளஞ்சியும் கூட இருக்கட்டும்.

6. வாசித்த பிறகு அவர் பேசுவார். முழுசும் சொல்லி முடிக்கும் வரை வாயைத் திறக்காமல் இருப்பது.